தேன்கூட்டில் ஓர் ஆயுள் கணக்கு

 

ஹட்டன், நுவரெலியாப் பகுதிச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு செய்தி பழகிப் போயிருக்கும். கொழுந்து பறித்துக் கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது, இத்தனை பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற செய்திதான் அது. பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். சில வேளைகளில் அது மௌத்துச் செய்தியாகவும் வந்துவிடுகிறது.

தோட்டத்தில் பொதுவாகக் 'குளவி' என்று சொன்னாலும், கொட்டுவது எல்லா நேரமும் குளவி அல்ல. பல சந்தர்ப்பங்களில் அது பெருந்தேனீ. உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை முகடுகளிலும் ஒற்றைப் பலகையைப் போல் பெரிய அடை கட்டித் தொங்குவது இதுதான். சிங்களச் சகோதரர்கள் இதை 'பம்பரா' என்பார்கள். பூக்கும் பருவத்தைப் பார்த்துத் தாழ்நிலத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து தாழ்நிலத்துக்கும் பறவையைப் போல் இடம்பெயர்ந்து வாழும் பூச்சி இது. ஒரு தேனீ கொட்டியவுடன் அந்த இடத்தில் ஒரு வாடை தங்கிவிடும். அந்த வாடை மற்றத் தேனீக்களையும் அங்கேயே அழைக்கும். எனவே கூட்டின் மீது யாரும் கல்லெறிய வேண்டாம். கொட்டு விழுந்தால் அந்த இடத்தை விட்டு விரைந்து விலகி, கொடுக்கை உடனே அகற்றிவிட வேண்டும். பல கொட்டுகள் விழுந்தாலோ மூச்சுத் திணறல் வந்தாலோ கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இனி நாம் பேச வந்த விஷயத்துக்கு வருவோம். கொட்டிய அந்தத் தேனீக்கு வயது என்ன? வலியில் துடிப்பவரிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்லதான். ஆனாலும் அதன் விடை நம்மைச் சிந்திக்க வைக்கும். அதன் வயது சில வாரங்கள் மட்டுமே. கொட்டும்போது அதன் கொடுக்கு நம் தோலில் சிக்கி, உடலோடு பிய்ந்து வந்துவிடுவதால் அதுவும் செத்துப் போகிறது. கொட்டாமல் இருந்திருந்தாலும் அதற்கு மிஞ்சியிருந்தது இன்னும் சில வாரங்கள்தான். ஆனால் அதே கூட்டின் உள்ளே அதன் தாய், அந்த ராணித்தேனீ, இன்னும் நெடுநாள் வாழ இருக்கிறாள்.

தாய்க்கும் மகளுக்கும் ஏன் இத்தனை வித்தியாசம்? முதுமை என்றால் என்ன, ஹயாத்து என்றால் என்ன என்று ஆராயும் விஞ்ஞானிகள் தேன்கூட்டை விடாமல் சுற்றிச் சுற்றி வருவது இந்தக் கேள்விக்காகத்தான்.

ஒரே வம்சம், இரண்டு ஆயுள்

உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்டது ஐரோப்பியத் தேனீ. நம் மலைநாட்டில் பெட்டியிலும் மரப்பொந்திலும் தேன் சேர்க்கும் சிறிய தேனீ அதன் நெருங்கிய உறவு. குடும்ப அமைப்பும் ஒன்றுதான். ஒரு ராணி, ஆயிரக்கணக்கான பணித்தேனீக்கள், கொஞ்சம் ஆண் தேனீக்கள். பணித்தேனீக்கள் அனைத்தும் பெண்களே.

ஐரோப்பியத் தேனீயில், கோடைக் காலத்துப் பணித்தேனீ சுமார் ஆறு வாரம் வாழும். ராணியோ இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழ்வாள். ஐந்து ஆண்டுகள் வரை வாழ்ந்த ராணிகளும் உண்டு. அதுவும் சும்மா இருந்து வாழ்வதில்லை. நல்ல பருவத்தில் ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு முட்டைகள் வரை இடுகிறாள். இத்தனை உழைத்தும் தன் மகள்மாரைவிடப் பல மடங்கு காலம் வாழ்கிறாள்.

அவள் பிறப்பிலேயே உயர்ந்த சாதியா? இல்லை. இங்கேதான் வியப்பு இருக்கிறது. ராணி வந்த முட்டையும் பணித்தேனீ வந்த முட்டையும் ஒரே வகைதான். ஒரு கூட்டில் ராணி திடீரென இறந்துபோனால் பணித்தேனீக்கள் என்ன செய்கின்றன தெரியுமா? சாதாரணப் பணித்தேனீயாக வளர்ந்து கொண்டிருக்கும் ஓர் இளம் புழுவைத் தெரிந்தெடுத்து, அதன் அறையைப் பெரிதாக்கி, உணவை மாற்றுகின்றன. அந்தப் புழுவே புதிய ராணியாகி வெளியே வருகிறது! நேற்றுவரை ஆறு வாரத்துக்கு என்று வளர்ந்த உயிர், இன்று முதல் ஆண்டுக்கணக்குக்கு வளர்கிறது.

மாற்றுவது உணவுதான். இளம் பணித்தேனீக்களின் தலையிலுள்ள சுரப்பிகளில் ஊறும் வெண்ணிறக் கூழ் ஒன்று இருக்கிறது. கடைகளில் 'ராயல் ஜெல்லி' என்று விற்கிறார்களே, அதுதான். எல்லாப் புழுக்களுக்கும் முதல் மூன்று நாள்வரை கூழ் உணவே கிடைக்கிறது. அதன்பின் பணித்தேனீயாக வேண்டிய புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த எளிய உணவு. ராணியாக வேண்டியவளுக்கு மட்டும் கடைசிவரை ராயல் ஜெல்லி, அதுவும் மிதக்கும் அளவுக்கு. முட்டை இட்டதிலிருந்து 16 நாளில் ராணி வெளிவந்துவிடுகிறாள். பணித்தேனீ வெளிவர 21 நாள் ஆகும்.

இலை ஒன்று, பக்குவம் இரண்டு

ஒரே வம்சத்து உயிர்கள் இப்படிப் பிரிவது எவ்வாறு? இதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் பதில் 'மரபணு வெளிப்பாடு' என்பது. வார்த்தை கடினமாக இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தேயிலை நாட்டில் வாழ்பவர்களுக்கு இது எளிதாகவே விளங்கும்.

ஒரே செடியில் பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து உலர்த்தினால் நாம் குடிக்கும் சாயத் தேயிலை கிடைக்கிறது. அதே கொழுந்தை உடனே நீராவியில் காட்டிப் புளிக்கவிடாமல் தடுத்துவிட்டால் பச்சைத் தேயிலை. செடி மாறவில்லை, இலை மாறவில்லை. இலைக்குள் உறங்கிக் கிடந்த எந்தக் குணம் எழுப்பப்பட்டது, எது அடக்கப்பட்டது என்பதில்தான் நிறமும் ருசியும் மாறின.

உயிர்களின் உடலும் இப்படித்தான். நம் உடலின் உயிரணுக்கள் ஏறக்குறைய அனைத்திலும் ஒரே மரபணுத் தொகுப்பு இருக்கிறது. கண்ணிலும் ஈரலிலும் தோலிலும் அதே கிதாபுதான். ஆனால் ஒரு மத்ரஸாவில் எல்லா மாணவர் கையிலும் ஒரே கிதாபு இருந்தாலும், இன்று எந்தப் பாடத்தை ஓத வேண்டும் என்று உஸ்தாத் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே சொல்வதைப்போல, ஒவ்வோர் உயிரணுவும் தனக்குரிய பக்கங்களை மட்டும் திறந்து வாசிக்கிறது. வாசிக்கப்பட்ட மரபணு புரதமாக உருவாகி வேலை செய்கிறது. மூடிய பக்கம் உறங்குகிறது. எந்தப் பக்கம் திறக்கிறது, எவ்வளவு திறக்கிறது என்பதுதான் மரபணு வெளிப்பாடு.

பக்கங்களை மூடி வைக்க உடலில் சில முத்திரைகள் உண்டு. அவற்றில் ஒன்று 'மெத்தில்' எனப்படும் மிகச் சிறிய இரசாயன முத்திரை. மரபணுவின் எழுத்தை அது மாற்றுவதில்லை. எழுத்தின்மேல் ஒட்டிக்கொண்டு, வாசிக்கும் விதத்தை மாற்றுகிறது.

தேனீயின் மரபணுத் தொகுப்பு முழுவதும் 2006 ஆம் ஆண்டு வாசித்து வெளியிடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2008 இல், அவுஸ்திரேலியாவின் கன்பரா நகர ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். புதிதாகப் பொரித்த தேனீப் புழுக்களில் மெத்தில் முத்திரை குத்தும் நொதி ஒன்றை அடக்கினார்கள். விசேஷ உணவால் ராணியாக்கவில்லை. முத்திரை குத்தும் கையை மட்டும் கட்டிப் போட்டார்கள். அப்படிச் செய்த புழுக்களில் பெரும்பாலானவை வளர்ந்த சூலகத்துடன் ராணிகளாக வெளிவந்தன! உணவு செய்யும் வேலையின் ஒரு பங்கு இந்த முத்திரைகள் வழியாகத்தான் நடக்கிறது என்பது அதிலிருந்து தெரிய வந்தது. 2010 இல் ராணியின் மூளையையும் பணித்தேனீயின் மூளையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 550க்கும் மேற்பட்ட மரபணுக்களில் மெத்தில் முத்திரைகள் வேறுபட்டிருந்தன.

ராயல் ஜெல்லியில் உள்ள எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. 2011 இல் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் ஒரு புரதத்தைச் சுட்டிக் காட்டினார். 2016 இல் வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். இடையில் 2015 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விஷயத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். பணித்தேனீக்கு ஊட்டும் மகரந்தத்தில் உள்ள ஒரு தாவரப் பொருள் அதன் சூலகத்தை வளரவிடாமல் தடுக்கிறதாம். ராயல் ஜெல்லியில் அந்தப் பொருள் இல்லை. அப்படியானால் ராணியை உண்டாக்குவதில், அவளுக்குக் கொடுத்ததற்கு மட்டுமல்ல, கொடுக்காமல் விட்டதற்கும் பங்கு இருக்கிறது!

வேலை மாறினால் வயதும் மாறும்

இதுவரை சொன்னது தாய்க்கும் மகளுக்கும் உள்ள வித்தியாசம். மகள்மாருக்குள்ளேயும் ஒரு கதை இருக்கிறது. அது இன்னும் நம் மனதைத் தொடும்.

பணித்தேனீ பிறந்த முதல் இரண்டு மூன்று வாரங்கள் கூட்டுக்குள்ளேயே வேலை செய்கிறது. அறை துப்புரவாக்கும், புழுக்களுக்கு ஊட்டும், மெழுகு கட்டும். இந்தப் பருவத்தில் அது தாதி. பிறகு வெளிவேலைக்குப் போகிறது. மலர் மலராகச் சென்று தேனும் மகரந்தமும் சுமந்து வருகிறது. வெளிவேலை தொடங்கிவிட்டால் முதுமை விரைந்து வந்துவிடும். 1982 இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் பறந்து முடிந்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடுவதாகக் கணக்கிட்டது. அதன் ஹயாத்தை நாட்காட்டியில் பார்ப்பதைவிடப் பறந்த தூரத்தில் பார்ப்பது பொருத்தம்.

2003 இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில், தாதித் தேனீயின் மூளையையும் வெளிவேலைத் தேனீயின் மூளையையும் எடுத்து, சுமார் 5,500 மரபணுக்களின் வெளிப்பாட்டைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 39 மரபணுக்கள் இரண்டிலும் வேறு வேறு அளவில் இயங்கின. ஒரு தேனீயை நேரில் பார்க்காமல், மரபணு வெளிப்பாட்டுக் கணக்கை மட்டும் பார்த்து அது தாதியா, வெளிவேலைக்காரியா என்று சொல்ல முயன்றார்கள். 60 தேனீக்களில் 57 இல் விடை சரியாக இருந்தது. செய்யும் வேலை உடலின் உள்ளே, மூளையின் மரபணுக்கள் வரைக்கும் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இதில் முக்கிய பங்கு வகிக்கும் புரதம் ஒன்று உண்டு. 'வைட்டெல்லோஜெனின்' என்பது அதன் பெயர். முட்டையின் மஞ்சள் கருவுக்குச் சத்தாகும் புரதம் இது. ராணியின் உடலில் இது நிறைந்திருக்கிறது. தாதித் தேனீயிடமும் போதிய அளவு உண்டு. உடலை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும் இரசாயனச் சேதத்திலிருந்து இது தேனீயைக் காப்பாற்றுகிறது. வெளிவேலைக்குப் போகும் தேனீயிடம் இது வற்றிப் போகிறது. 2007 இல் ஆய்வாளர்கள் இந்தப் புரதத்துக்குரிய மரபணுவை மட்டும் இளம் தேனீக்களில் அடக்கிப் பார்த்தார்கள். அவை வயதுக்கு முன்பே வெளிவேலைக்குப் புறப்பட்டன. ஆயுளும் குறைந்து போயிற்று.

இதன் மறுபக்கத்தைக் குளிர் நாடுகளில் காணலாம். அங்கே இலையுதிர் காலத்தில் பிறக்கும் பணித்தேனீக்களுக்கு ஊட்டுவதற்குப் புழுக்கள் இல்லை, பறந்து சேர்ப்பதற்குப் பூக்களும் இல்லை. உடம்பில் இந்தப் புரதத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, கூட்டுக்குள் நெருங்கி இருந்து ஆறு மாதம் வரை கூட வாழ்ந்துவிடுகின்றன. அதே இனம், அதே மரபணு. கோடையில் பிறந்த சகோதரிக்கு ஆறு வாரம், குளிருக்கு முன் பிறந்தவளுக்கு ஆறு மாதம்!

எல்லாவற்றையும்விட ஆச்சரியமான செய்தி 2012 இல் வந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கூட்டின் தாதித் தேனீக்களை எல்லாம் அகற்றிவிட்டார்கள். வெளிவேலைக்குப் போயிருந்த வயதான தேனீக்கள் திரும்பி வந்து பார்த்தால், புழுக்களுக்கு ஊட்ட ஆளில்லை. உடனே அவற்றில் ஒரு பகுதி வெளிவேலையை விட்டுவிட்டு மீண்டும் தாதிகளாக மாறின. அவற்றின் மூளையை ஆராய்ந்தபோது, மெத்தில் முத்திரைகளில் பல மறுபடியும் தாதியின் முத்திரைகளாகத் திரும்பியிருந்தன. ஒருமுறை மூடிய பக்கம் மூடியதுதான் என்றில்லை. சூழல் மாறினால் மீண்டும் திறக்கவும் கூடும்.

புழுவிலும் எலியிலும்

இது தேனீக்கு மட்டும் உரியதா? இல்லை. ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பில், ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஒரு ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. அவளுடைய பணி எறும்புகளோ அந்த ஆயுளில் ஒரு சிறு பங்கைத்தான் காண்கின்றன.

மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று உண்டு. இரண்டு மூன்று வாரம்தான் அதன் வாழ்க்கை. 1993 இல் அமெரிக்க விஞ்ஞானி சிந்தியா கென்யனின் குழுவினர், அதன் ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அதன் ஆயுளை இரு மடங்காக்குவதைக் கண்டார்கள். இன்சுலின் போன்ற ஹார்மோனின் செய்தியை வாங்கும் வாசல் அந்த மரபணு. உணவு நிறைய இருக்கிறது என்ற செய்தி குறைந்தபோது, உடலைப் பழுது பார்க்கும் பல மரபணுக்கள் விழித்துக் கொண்டன.

எலிகளைப் பொறுத்தவரை, போஷாக்கில் குறை வைக்காமல் உணவின் அளவைக் குறைத்தால் அவை நீண்ட காலம் வாழ்கின்றன என்பது 1935 இலேயே அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. அதற்கான காரணத்தின் ஒரு பகுதி 1999 இல் தெரிந்தது. சுண்டெலியின் தசையில் 6,347 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து பார்த்தார்கள். முதுமையில் மாறிப்போன மரபணு வெளிப்பாட்டின் பெரும்பகுதி, அளவாக உண்டு வளர்ந்த சுண்டெலிகளில் மாறாமலோ குறைவாக மாறியோ இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். எலி குறைவாகத் தின்று நீண்ட நாள் வாழ்கிறது, ராணித்தேனீ நிறையத் தின்று நீண்ட நாள் வாழ்கிறாளே? நியாயமான கேள்வி. ஒவ்வோர் இனத்துக்கும் அதனதன் கணக்கு வேறு. 'இதைத் தின்றால் ஆயுள் கூடும்' என்று எல்லா உயிருக்கும் பொதுவான சூத்திரம் எதுவும் கிடையாது. பொதுவாக இருப்பது ஒன்றே. முதுமை என்பது நாட்கள் கழிவதால் மட்டும் வருவதல்ல. உணவும் உழைப்பும் ஓய்வும் மரபணுக்களுக்கு அனுப்பும் செய்தியால் அது விரைந்தும் வரும், தாமதித்தும் வரும்.

தேனீயின் பெயரால் ஒரு சூரா

திருக்குர்ஆனின் 16 ஆவது சூராவுக்கு 'அந்நஹ்ல்', அதாவது தேனீ என்று பெயர் என்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அதன் 68, 69 ஆவது ஆயத்துக்கள் தேனீயைப் பற்றிப் பேசுகின்றன. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் கட்டும் இடங்களிலும் அது வீடமைத்துக் கொள்வதையும், அதன் வயிற்றிலிருந்து வரும் பானத்தில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதையும் எடுத்துக் காட்டிச் சிந்திக்கச் சொல்கின்றன.

இவ்வளவையும் ஓதிவிட்டு நாம் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். அடுத்து வரும் 70 ஆவது ஆயத்து எதைப் பற்றியது என்று கவனித்திருக்கிறீர்களா? அது மனிதனின் பிறப்பையும் மரணத்தையும், சிலர் அறிந்ததையெல்லாம் மறந்துபோகும் தள்ளாத முதுமைக்குத் தள்ளப்படுவதையும் பற்றியது. தேனீயை அடுத்து முதுமை! குர்ஆன் ஆய்வுக்கூடத்துப் பாடநூல் அல்ல. மரபணுவை அதற்குள் தேடிப் பிடிப்பது நம் வேலையும் அல்ல. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓதும்போது, சிந்திக்கும் மனம் ஒரு கணம் நின்று போகாமல் இருக்குமா?

'அஜல் அல்லாஹ்விடம் எழுதப்பட்டது, அதற்குமேல் ஆராய்ச்சி எதற்கு?' என்று சிலர் கேட்கக் கூடும். அஜல் அவனிடமே உள்ளது. அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மேல் பொறுப்புச் சாட்டும்படி கற்றுத் தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். அதுமட்டுமல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் தள்ளாத இழிநிலை முதுமையிலிருந்து பாதுகாவல் தேடிப் பிரார்த்தித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். இன்றைய முதுமை ஆய்வாளர்களில் பலரும் இதையே தேடுகிறார்கள். வருடங்களைக் கூட்டுவதைவிட, வாழும் வருடங்களைத் தெளிவோடும் திடத்தோடும் வாழ்வது எப்படி என்பதே அவர்களுடைய கேள்வி.

போத்தலில் இல்லை பதில்

ராணித்தேனீயின் கதையைக் கேட்டவுடன் சிலருக்கு ஓர் ஆசை வரும். 'அப்படியானால் நாமும் ராயல் ஜெல்லி வாங்கிச் சாப்பிடலாமே!' விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. சகோதரிகளே, பணத்தை வீணாக்காதீர்கள். ராயல் ஜெல்லி மனிதரின் ஆயுளை நீட்டும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஒரு புழுவை ராணியாக்கும் உணவு, புழுப் பருவத்தில்தான் அதைச் செய்கிறது. வளர்ந்துவிட்ட பணித்தேனீக்கு எவ்வளவு ஊட்டினாலும் அது ராணியாகாது. இழுப்பு நோயும் ஒவ்வாமையும் உள்ள சிலருக்கு ராயல் ஜெல்லி ஆபத்தாகவே முடிந்திருக்கிறது.

தேன்கூட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. அந்தக் கூடு ஆயுளைத் தீர்மானிப்பது தொட்டில் பருவத்தில். மனிதன் தேனீ அல்ல. ஒரு குழந்தையை ராணியாகவோ பணியாளாகவோ ஆக்கும் பொத்தான் எதுவும் நம் உடலில் இல்லை. ஆனாலும் தொட்டிலுக்கும் முன்பிருந்தே உணவு நம் மரபணுக்களின்மேல் அடையாளம் வைக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் உணவைத் தடுத்ததால் ஹாலந்து நாட்டில் கொடும் பஞ்சம் நிலவியது. அந்தப் பஞ்சத்தில் கருவாகி வளரத் தொடங்கியவர்களை அறுபது ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில், பஞ்சத்தில் அகப்படாத அவர்களுடைய உடன்பிறப்புகளைவிட மெத்தில் முத்திரைகள் குறைந்திருந்தன. 2008 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தாய் பசித்திருந்த சில மாதங்களின் அடையாளம் பிள்ளையின் உடலில் அறுபது வருடம் கழித்தும் அழியவில்லை!

இப்போது மீண்டும் நம் மலைக்கு வருவோம். 2016 ஆம் ஆண்டு இலங்கையில் எடுக்கப்பட்ட சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையிலோ நூற்றுக்கு 32 பேர். நுவரெலியா மாவட்டத்தின் கணக்கும் அதே அளவுதான். உலகமெல்லாம் குடிக்கும் தேயிலையைப் பறித்துக் கொடுக்கும் கைகள் வளர்க்கும் பிள்ளைகளில் மூவரில் ஒருவர்!

அந்தத் தாயின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலை ஏறுகிறாள். மழையிலும் அட்டைக்கடியிலும் குளவிப் பயத்திலும் நின்று, கூடை நிறையப் பறித்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுக்கிறாள். மாலையில் லயத்துக்கு வந்தால் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன. கர்ப்பமாக இருக்கும்போதும் அவளுடைய தட்டில் ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணீரும்தான் என்றால், கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவையும் வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டியிருந்தால், அந்தக் கணக்கு எங்கே போய் முடியும்? ஐம்பது வயதில் எழுபது வயது முகத்தோடு நிற்கும் பெண்களை நாம் ஒவ்வொருவரும் கண்டிருக்கிறோம். 'அவர்களுடைய உடம்பு வாகு அப்படி' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். உடம்பு வாகு என்று பழி போட நமக்கு இனி உரிமை இல்லை. ஒரே வம்சத்தில் பிறந்தவர்களுக்கு ஊட்டமும் உழைப்பும் ஓய்வும் மாறினால் முதுமை வரும் வேகமும் மாறும் என்பதை ஒரு தேன்கூடே நமக்குக் காட்டிவிட்டது.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் நம் சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். தோட்டத்து மக்கள் மாவும் பருப்பும் வாங்குவது அந்தக் கடைகளிலும்தான். ஸதகா கொடுக்கும்போது பெருநாள் அரிசியோடும் துணியோடும் நின்றுவிடாமல், பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை சுமக்கும் ஒரு தாய்க்கு முட்டையும் பருப்பும் பால்மாவும் மாதாமாதம் போய்ச் சேர ஒரு வழி செய்யலாமே! அவள் எந்த மதத்தவள் என்று பசி கேட்பதில்லை. நம் வீடுகளிலும் அப்படித்தான். கர்ப்பிணி மருமகளுக்கு முதலில் பரிமாறுவதும், பிள்ளை பெற்றவளைச் சில வாரமாவது ஓய்வாக வைத்திருப்பதும் வெறும் சடங்கு அல்ல. வளர்ந்துவிட்ட நாமும் வயிற்றை முட்ட நிரப்பாமல் அளவோடு உண்ணும் சுன்னத்தைப் பேண வேண்டும்.

ராணியின் முட்டையில் எழுதப்பட்டது என்னவோ, பணித்தேனீயின் முட்டையிலும் அதுவேதான் எழுதப்பட்டிருந்தது. எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில், ஊட்டிய கைக்கும் ஒரு பங்கு இருந்தது. நாளை மறுமையில் நம் ஹயாத்தைப் பற்றி நாம் கேட்கப்படுவோம். நம் கைக்கு எட்டிய இடத்தில் யாருடைய ஹயாத்து வாடியது என்றும் கேட்கப்படுவோம் என்பதை மறக்க வேண்டாம்.

வல்ல நாயன் நம் எல்லோருக்கும் பரக்கத்தான, ஆரோக்கியமான ஹயாத்தைத் தந்து, தள்ளாத முதுமையின் தீங்கிலிருந்து காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.